ஆறிப்போன காபி

மார்ச் 3

அண்ணிக்கு,

போனில் பேசினால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்கு வந்திருந்தேன். அன்று உங்களுக்கு விடுமுறையாம். நல்லதாகப் போயிற்று, நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். மணி பத்தரை. அப்பா குளிக்காமல், முந்தின நாள் சட்டையோடு, வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏன் இன்னும் குளிக்க வைக்கவில்லை என்று கேட்டேன். டிராலி தள்ளிக்கொண்டு போன ஒரு தடியன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "பதினொண்ணா? இப்பத்தான் எட்டு முடிஞ்சிருக்கு. வரிசையா வருவோம்மா."

படுக்கை எண்தான் அப்பாவுக்கு இப்போது பேர், பதினொன்று. ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். நாலு மணிக்கு எழுந்து, குளித்து, சைக்கிளை மிதித்துப் போய், ஐந்து மணிக்கு வால்வைத் திறப்பார். ரிட்டயர் ஆன பிறகும் அந்த நேரம் மாறியதில்லை. நாலு மணிக்கு மேல் அவர் படுத்திருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதே வீட்டில்தானே இருந்தீர்கள்.

இடுப்பு எலும்பு முறிந்து, ஞாபகமும் தடுமாற ஆரம்பித்தபோது, அண்ணன் பாதி மாதம் வெளியூரில் இருக்கிறான், நீங்களும் வேலைக்குப் போகிறீர்கள், நீங்கள் நர்ஸாக இருக்கும் இல்லத்திலேயே சேர்த்தால் கண் முன்னால் இருப்பார் என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன். இப்போது அங்கே ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே நீங்கள்தான் என்று அண்ணன் வேறு பெருமையடித்துக்கொள்கிறான். என்ன பயிற்சி அண்ணி அது, எண்ணச் சொல்லித்தரும் பயிற்சியா?

முடிவு பண்ணிவிட்டேன். என் மகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் முதல் வாரத்தில் அப்பாவை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, எல்லாம் தெரியும். பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

குட்டிக்கு,

"உங்கள் நாத்தனார்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் நீ எனக்கு நாத்தனாராக நடந்துகொண்டது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது. பிறகு பார்த்தால், நீ எழுதியதில் பொய் என்று ஒன்றுமே இல்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

இங்கே வழக்கம் அப்படித்தான் இருந்தது. ஆறு மணிக்கு எல்லா விளக்கையும் போடுவார்கள். ஒன்றாம் படுக்கையிலிருந்து குளியல். உடம்பு சரியில்லையோ, தூக்கம் போதவில்லையோ, வரிசை வரிசைதான். நான் கொடுக்கும் பயிற்சி இதை மாற்றத்தான். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. படுக்கையைப் பார்க்காதே, ஆளைப் பார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ. தொடுவதற்கு முன்னால் சொல். தலைக்கு மேல் நின்று பேசாதே, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேள். இவ்வளவுதான். ஆனால் வருஷக்கணக்காக ஒரே மாதிரி வேலை செய்தவர்களிடம் இதைச் சொன்னால், "அப்போ இவ்வளவு நாளா நாங்க என்ன மாடா மேய்ச்சோம் மேடம்?" என்று கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ சொன்ன தடியனுக்கு இங்கே டிராக்டர் என்று பேர். எவ்வளவு கனமான ஆளையும் ஒரே இழுப்பில் உட்கார வைத்துவிடுவான். போன வகுப்பில் அவன் கண்ணைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொருத்தியை விட்டு ஊட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல், நின்றபடி, அவன் தினமும் மற்றவர்களுக்கு ஊட்டுகிற அதே வேகத்தில். மூன்றாவது கரண்டிக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நாலாவதைத் துப்பினான். கட்டை அவிழ்த்ததும் சண்டைக்கு வந்தான், என்ன கொடுக்கிறோம் என்றாவது சொல்ல வேண்டாமா என்று. சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னலோரத்து டீச்சரம்மாவுக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊட்டினான். அந்த அம்மா வழக்கமாகத் துப்புகிறவர், அன்றைக்குத் துப்பவில்லை. படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் மற்ற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறோம். அதில் டிராக்டர் ஏற்கெனவே பலமுறை மாட்டிக்கொண்டான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடியே நாளையிலிருந்து மாமாவை நாலு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன். குளியல், வெளுத்த சட்டை, சூடாகக் காபி. டிராக்டரையே இரவு வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது. அவரைப் பற்றி உன்னைவிட யாருக்குத் தெரியும்?

ஏப்ரலைப் பற்றி அப்புறம் பேசலாம். அவசரப்படாதே.

அண்ணி

மார்ச் 14

அண்ணிக்கு,

சரி. டிராக்டரைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

அப்பாவுக்கு வெந்நீர் அதிகம் சூடாக இருக்கக் கூடாது. முதலில் காலில் ஊற்ற வேண்டும். குளித்து முடித்ததும் ரேடியோவில் செய்தி. காபி உடனே கைக்கு வர வேண்டும், ஆறினால் குடிக்க மாட்டார். நாலு என்றால் நாலு. நாலரை ஆனால் அவருக்கு நாளே ஓடாது.

இங்கே ஏற்பாடு நடக்கிறது. மகள் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டாள், புத்தகத்தையெல்லாம் சமையல் மேடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறாள். இவருக்கு நைட் டூட்டி, பகலில் தூங்க வேண்டும். எனக்குக் கம்பெனி பஸ் ஏழரைக்கு. பகல் நேரத்துக்கு ஒரு ஆள் பார்க்க வேண்டும், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாடிப்படி திருப்பத்தில் நாற்காலி திரும்புமா என்று அளந்து பார்த்தேன். கொஞ்சம் இடிக்கும்.

ஏப்ரல் ஏப்ரல்தான்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 22

குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். உன் அண்ணன் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது.

மாமா டிராக்டர் மேல் குளிக்கிற மக்கை எறிந்துவிட்டார். நெற்றியில் பட்டு வீங்கியிருக்கிறது. அதற்கு முந்தின நாள் அவன் கையைக் கடிக்கப் போனாராம். முதல் இரண்டு நாள் முனகலோடு எழுந்தார், அதன் பிறகு தினமும் ரகளைதான். நாலு மணிக்கு விளக்கைப் போட்டு, தோளைத் தொட்டு, "எழுப்பட்டுமா ஐயா" என்று முறைப்படி கேட்டுத்தான் எழுப்புகிறார்கள். பதிலுக்கு அவர் சொல்கிற வார்த்தைகளை என்னால் எழுத முடியாது. எந்த வால்வைத் திறக்கும்போது கற்றுக்கொண்டாரோ தெரியவில்லை. காபியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பகல் முழுக்கத் தூங்கி வழிகிறார்.

வெந்நீர் நீ சொன்ன சூடுதான். காலில்தான் முதலில் ஊற்றுகிறார்கள். ரேடியோவும் ஓடுகிறது. எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம். எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் இராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார், ஆளை அமைதிப்படுத்தும் மாத்திரை. அது வேண்டாம், எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வைத்திருக்கிறேன். நிர்வாகிக்கு இதில் உள்ளுக்குள் சந்தோஷம். எல்லோரும் ஒரே நேரத்துக்கு எழுந்தபோது யாரும் யாரையும் அடிக்கவில்லையே, ஆளுக்கொரு நேரம் என்று ஆரம்பித்ததும்தானே வம்பு என்று கேட்கிறார். அதுவும் என் மாமனாரே அடித்தால் நான் என்ன பேச முடியும்?

உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

அண்ணி

மார்ச் 26

அண்ணிக்கு,

அப்பா வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நான் சைக்கிளை வாய்க்காலில் தள்ளியபோதுகூட "போகட்டும்" என்றுதான் சொன்னார். அவர் ஒருத்தரை அடிக்கிறார் என்றால் அந்த இடத்தில் அவருக்கு எவ்வளவு வேதனை இருக்க வேண்டும்? வீட்டை விட்டு அனுப்பிவிட்டோம் என்ற கோபம் அது. வேறு என்னவாக இருக்கும்? வாயால் சொல்லத் தெரியவில்லை, கையால் சொல்கிறார்.

மாத்திரை மட்டும் கொடுத்தீர்களோ, நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

ஏப்ரல் 6 ஞாயிறு. வேன் பேசிவிட்டேன். நீங்கள் தடுத்தாலும் கூட்டிக்கொண்டு போவேன், அண்ணன் தடுத்தாலும் கூட்டிக்கொண்டு போவேன். அவருடைய துணிமணிகளை எடுத்து வையுங்கள்.

நாத்தனார்

மார்ச் 31

குட்டிக்கு,

முதலில் நல்ல செய்தி. மாத்திரை கொடுக்கவில்லை, இனித் தேவையும் இல்லை. மாமா நன்றாக இருக்கிறார். மூன்று நாளாக யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. இப்போது உட்கார்ந்துகொண்டு படி.

வெள்ளிக்கிழமை வகுப்பு. மாமாவைப் பார்த்துக்கொள்ள வார்டில் யாரும் தயாராக இல்லை, அதனால் அவரையும் வகுப்புக்கே தள்ளிக்கொண்டு வந்து மூலையில் வைத்திருந்தேன். அன்றைய பாடம், எப்படிக் கேட்பது. ஆளின் உயரத்துக்கு உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் டிராக்டரை உட்கார வைத்துச் செய்து காட்டினேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவன் சொன்னான், "என்கிட்ட கேட்டா நான் சொல்லிருவேன் மேடம். அவர்கிட்ட கேட்டுக் காட்டுங்க." எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். குட்டி, எனக்கு வாய் வரவில்லை.

உனக்குத்தான் தெரியுமே நம் வீட்டுப் பழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட வரச் சொல்ல வேண்டுமா, அத்தையிடம் சொல்வேன். மருந்து தீர்ந்துவிட்டதா, உன் அண்ணனிடம் சொல்வேன். அவரும் "மருமககிட்ட சொல்லிடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். காலையில் காபியைக் கூடத்து மேஜையில் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தச் சத்தம்தான் கூப்பிடுகிற சத்தம். அத்தை போன பிறகும் அப்படியே ஓடிவிட்டது. யாரும் அதை மரியாதைக் குறைவு என்று நினைக்கவில்லை, மரியாதை என்றுதான் நினைத்தோம். இருபத்திரண்டு வருஷம். இங்கே வந்த பிறகும் அவருக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்டேன், உன் அண்ணனைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன். ஊருக்கெல்லாம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேளுங்கள் என்று பாடம் நடத்துகிறவள், என் மாமனாரிடம் மட்டும் கேட்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருப்பதும் பாடத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள் போல. கடைசியில் கேட்டுவிட்டேன். "மாமா, காலையில எழுப்பினா ஏன் கோவம் வருது?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூக்கம் வருதே" என்றார்.

நான் விடவில்லை. "நீங்க எப்பவும் நாலு மணிக்கு எந்திரிக்கிறவர்தானே மாமா?"

"அது வேலைக்குப் போறப்போ. இப்ப எந்த வால்வைத் திறக்கப் போறேன்?"

"வேலை முடிஞ்சு வீட்டுல இருந்தப்பவும் எந்திரிச்சீங்களே. அத்தனை வருஷம்."

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீதான் நாலு மணிக்கே காபியை வச்சிருவியே. பாவம், நமக்காகப் புள்ள எந்திரிச்சுப் போடுது, ஆறிப்போச்சுன்னா மனசு கஷ்டப்படுமேன்னு எந்திரிச்சேன்."

அடிக் குட்டி! அவர் எழுந்துவிடுவாரே என்றுதான் நான் நாலுக்கு முன்னால் எழுந்தேன். எத்தனை நாள் ஜுரத்தோடு எழுந்திருக்கிறேன், எத்தனை நாள் அலாரத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன். அவர் ரிட்டயர் ஆன அன்றே யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அந்த வீட்டில் நாலு மணிக்கு எழுந்திருக்க ஒருத்தருக்கும் ஆசை இல்லை!

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. நான் சிரித்ததைப் பார்த்து மாமாவும் சிரித்தார். வகுப்பில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எப்போது எழுப்பட்டும் என்று கேட்டேன். "எழுப்பாதீங்க" என்றார்.

சனிக்கிழமை யாரும் எழுப்பவில்லை. ஒன்பது மணிக்குத் தானாகக் கண் விழித்து, பகல் வேலைக்குத் திரும்பிவிட்ட டிராக்டரைப் பார்த்து, நெற்றியில் என்ன காயம் தம்பி என்று விசாரித்தார். அவன், "வழுக்கி விழுந்துட்டேன்யா" என்று சொன்னான். பத்து மணிக்குக் குளியல். சாப்பாடு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நீ அன்றைக்குப் பத்தரைக்குப் பார்த்தாயே, குளிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று, அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். பதினொன்று என்று கூப்பிட்டது தப்பு, முந்தின நாள் சட்டை தப்பு. நேரம் மட்டும் தப்பில்லை என்று தோன்றுகிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ கண்ணால் பார்த்ததைச் சொன்னாய். நானும் அதையேதான் பார்த்தேன்.

ஆறாம் தேதி வா. பையில் துணி அடுக்கி வைத்துவிட்டேன், தடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று. உன்னோடு வர வேண்டுமா, இங்கே இருக்க வேண்டுமா என்று நாம் இரண்டு பேரும் ஒரு மாதமாகச் சண்டை போட்டோம், அவரை யாரும் கேட்கவில்லை. ஸ்டூல் தருகிறேன். எதிரில் உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வெறும் வேனில் தனியாகத் திரும்பினேன். டிரைவர், "பேஷண்ட் வரலையாம்மா?" என்று மூன்று முறை கேட்டார்.

நீங்கள் வேண்டுமென்றேதான் வெளியே போய்விட்டீர்கள், தெரியும். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன மாதிரியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. முதலில் என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம் சரியாகிவிட்டார். "அப்பா, என் வீட்டுக்கு வந்துடறீங்களா, இல்ல இங்கேயே இருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டம் அண்ணி. மகள் அறையைக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும், பகல் ஆள் பார்த்துவிட்டதைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "உன் வீட்டுல என்னை எத்தனை மணிக்கு எழுப்புவே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏழரைக்குப் பஸ், அதற்குள் குளிக்க வைத்து, சாப்பிட வைத்துவிட்டுப் போக வேண்டும். "ஆறு மணிக்குப்பா" என்றேன்.

"அப்போ நான் இங்கேயே இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஞாயித்துக்கிழமை வா. ஒன்பதுக்கு மேல வா."

அண்ணி, ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். அந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதமாகத் தூக்கமில்லை. படியில் நாற்காலி இடிக்குமே, பகலில் வருகிற ஆள் எப்படி இருப்பாளோ, இவர் தூங்க முடியாமல் என்ன சொல்வாரோ என்று ஒவ்வொன்றாக இரவெல்லாம் கணக்குப் போட்டேன். ஆனால் கூட்டிக்கொண்டு வராவிட்டால் நான் என்ன மகள் என்றும் மனசு கேட்டது. அப்பா வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நிச்சயமாகக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், நன்றாகவும் பார்த்துக்கொண்டிருப்பேன். வரவில்லை என்றதும் தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவரே இறக்கி வைத்தார். அதுதான் எனக்கு ஆறுதல்.

மகளுக்கு அறை திரும்பக் கிடைத்துவிட்டது. தாத்தா வாழ்க என்று கத்தினாள். இரண்டு அடி போட்டேன். 

டிராக்டரிடம் நான் அன்றைக்குத் தடியன் என்று எழுதியதைச் சொல்லிவிடாதீர்கள். வேன் வரைக்கும் வந்து, "ஐயாவ நான் பாத்துக்கிறேன்க்கா" என்றான்.

குட்டி

ஏப்ரல் 16

குட்டிக்கு,

உன் பழைய கையெழுத்தைப் பார்த்ததும் பாதி மனசு நிறைந்துவிட்டது. திட்ட மாட்டேன். நானும் வாசலில் நின்றுகொண்டு, அவர் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் என்ன சொன்னாலும் சம்மதம் என்று உனக்கு எழுதியதெல்லாம் சும்மா.

நிர்வாகி பயிற்சியைத் தொடரச் சொல்லிவிட்டார். மனம் மாறியதாக ஒத்துக்கொள்ளவில்லை, காலை நேரச் சத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். வகுப்பில் இப்போது ஒரு பாடம் கூடியிருக்கிறது. வீட்டாரைக் கேளுங்கள், ஆனால் ஆளையும் கேளுங்கள். உதாரணம் யார் என்று எல்லோருக்கும் தெரியும், நான் சொல்வதில்லை.

நேற்று ஒரு கூத்து. உன் அண்ணன் ஊரில் இல்லை. வழக்கம்போல நாலு மணிக்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, காலைச் செருப்பில் நுழைத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், யாருக்காக? மாமா அங்கே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். மறுபடி கண் விழித்தபோது ஜன்னல் முழுக்க வெயில். அடித்துப் பிடித்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடினேன். இத்தனை வருஷத்தில் நான் தாமதமாக வந்தது நேற்றுத்தான், வாட்ச்மேன் பயந்துபோய் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார்.

மாமா சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து மேஜையில் ஒரு டம்ளர் காபி மூடி வைத்திருந்தது. அவர்தான் எனக்காக வாங்கி வைக்கச் சொன்னாராம். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஏடு வேறு படிந்திருந்தது. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று அதை அப்படியே குடிக்கப் போனேன்.

"ஆறினதைக் குடிக்காதே," என்றார். "நல்லா தூங்கினியா?"

நல்லா தூங்கினேன் மாமா என்றேன். வேறு காபி போடச் சொன்னார்.

அண்ணி